விமானம் மாறும் இடத்தில் ஓர் இரவு: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து முதன்முறை புறப்படுவோருக்கு

"பத்து மணி நேரம் டிரான்சிட் இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும்" என்று டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார். அந்தப் பத்து மணி நேரமும் இரவாக இருக்கும் என்பதும், நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடிகள் இருப்பதால் காலை நீட்டிப் படுக்க முடியாது என்பதும், நம் ஊர் மார்கழியைவிடக் கடுமையான ஏசிக் குளிர் விடியும்வரை விடாது என்பதும் அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரியவரும். என் முதல் இரவு அப்படித்தான் கழிந்தது. பிறகு வேலை நிமித்தமாகப் பலமுறை போய்வந்து பழகிய பின், பாலக்கோட்டிலிருந்து என் அம்மா என் தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகத் தனியே விமானம் ஏற வேண்டிய நாள் வந்தபோது, அவருக்காக ஒரு பள்ளிக்கூட நோட்டில் வரிசையாகச் சில பக்கங்கள் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கங்களைத்தான் இங்கே மற்றவர்களுக்கும் பயன்படும்படி விரித்து எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இரவு நன்றாகக் கழியுமா கழியாதா என்பது, பெரும்பாலும் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல், தூங்குவதைப் பற்றியல்ல, டிக்கெட்டைப் படிப்பதைப் பற்றியும் பை கட்டுவதைப் பற்றியும்தான் இருக்கும்.

டிக்கெட்டைப் படித்தல்

டிக்கெட்டைக் கையில் வாங்கியவுடன் முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு விமானங்களும் ஒரே பி.என்.ஆர். என்ற பதிவு எண்ணில் இருக்கின்றனவா, அல்லது தனித்தனி எண்களில் இருக்கின்றனவா என்பதே. ஒரே எண்ணில் இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் உங்களை அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேர்ந்தது. உங்கள் பெரிய பெட்டியும் பொதுவாக நேரே கடைசி ஊருக்குப் போய்விடும். தனித்தனி எண்களாக இருந்தால், இரண்டாவது விமானத்தைப் பொறுத்தவரை நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தவறவிட்டால் டிக்கெட் பணம் போனதுதான். அதைவிடப் பெரிய சிக்கல், பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைப்பதற்காக நடுவழி நாட்டின் இமிகிரேஷன் எனும் பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும் என்பதாகும், அதற்கு அந்த நாட்டின் விசா தேவைப்படும். இரண்டு மூவாயிரம் ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக டிக்கெட் எடுப்பது, முதன்முறை போகிறவருக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்தது நேரம். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரமாகும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. தோஹா இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் இரண்டரை மணி நேரம் முன்னால். கொழும்பு மட்டும் நம் நேரமே. பெங்களூரில் இரவு 9:30-க்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறந்து துபாயில் இறங்கினால், உங்கள் உடம்புக்கு அது நள்ளிரவு தாண்டி 1:30. அங்கே சுவர்க் கடிகாரத்தில் சரியாக 12:00. டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் வெறுமனே கழித்துப் பார்த்துவிட்டு, இரண்டரை மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடக் கூடாது.

நள்ளிரவைத் தாண்டிய விமானங்களில் தேதிக் குழப்பம் வரும். "ஞாயிறு 00:40" என்று டிக்கெட்டில் இருந்தால், சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு. வீட்டுக் காலண்டரில் அந்தச் சனிக்கிழமைக் கட்டத்திலேயே வட்டமிட்டு, கீழே "இரவு" என்று எழுதி வைப்பது நல்லது.

மூன்றாவதாக முனையம், அதாவது டெர்மினல். ஒரே விமான நிலையத்துக்குள் முனையம் மாற வேண்டுமா என்று பாருங்கள். துபாயில் 3 முனையங்கள் இருக்கின்றன. 2-ஆம் முனையம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் தனியே இருக்கிறது, அங்கிருந்து மற்ற முனையங்களுக்கு உள்பேருந்தில்தான் போக வேண்டும். டெல்லியிலும் 1-ஆம் முனையத்துக்கும் 3-ஆம் முனையத்துக்கும் நடுவே பல கிலோமீட்டர் தூரம் உண்டு. இரவு முழுதும் நேரம் இருக்கிறதே என்று இதை அலட்சியம் செய்கிறவர்கள், தவறான முனையத்தில் நிம்மதியாகத் தூங்கி எழுந்து அதிகாலையில் தவிப்பார்கள்.

கடைசியாக விசா. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் உள்ளேயே விமானம் மாறுவதற்கு வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பொதுவாக விசா கேட்பதில்லை. ஆனால் எல்லா நாடும் அப்படியல்ல. அமெரிக்காவில் விமானம் மாறுவோர் எல்லோரும் இமிகிரேஷனைக் கடந்தே ஆக வேண்டும். வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்கினாலும் விசா வேண்டும். பெட்டியையும் முதலில் இறங்கும் ஊரிலேயே எடுத்துச் சுங்கச் சோதனை முடித்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். பிரிட்டன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம், சில விலக்குகள் தவிர, உள்ளேயே மாறுவதற்கும் டிரான்சிட் விசா கேட்கிறது. இந்த விதிகள் அடிக்கடி மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் எடுக்கும் அன்று அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் போடுபவரின் வாய்வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம்.

கைப்பை

பெரிய பெட்டி உங்கள் கையை விட்டுப் போய்விடும்; அந்த இரவுக்கு உங்களிடம் இருக்கப்போவது கைப்பை மட்டுமே. அதில் முதலில் வைக்க வேண்டியது போர்வை. விமானத்தில் கொடுக்கும் மெல்லிய போர்வையைக் கொண்டு செல்லக் கூடாது, ஆகவே சொந்தமாக ஒன்று தேவை. கனமான கம்பளி வேண்டாம்; சாதாரணப் பருத்திப் போர்வை ஒன்று, ஒரு ஸ்வெட்டர், காலுறை, காதை மூடும் குல்லா ஆகியவை போதும். குளிர் பெரும்பாலும் காலிலும் காதிலும்தான் ஏறுகிறது. ஒரு பருத்தித் துண்டைச் சுருட்டினால் தலையணை, விரித்தால் தரைவிரிப்பு, காலையில் முகம் துடைக்கவும் அதுவே. பல் துலக்கும் பொருள்கள், ஒரு மாற்று மேல்சட்டை, அன்றாட மாத்திரைகள் ஆகியவையும் இந்தப் பையிலேயே இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் அதைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. மருத்துவரின் சீட்டோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, ட்ரமடால் போன்ற வலி மாத்திரை ஆகியவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை என்பதால், முன் அனுமதி இல்லாமல் எடுத்துச் செல்லாதீர்கள்.

கசகசாவும் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் ஒரு பிடி கசகசா சேர்ந்திருந்தாலும் சிக்கல் வரும் என்பதால், அமீரகம் வழியாகப் போகிறவர்கள் அம்மாவிடமோ மாமியாரிடமோ பொடியில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று கேட்டுவிட்டே கட்டுங்கள். இதைச் சொன்னால் வீட்டில் மனம் வருந்துவார்கள், இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் திரவப் பொருள்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேற்படாத புட்டியில், மொத்தம் 1 லிட்டருக்குள் இருக்க வேண்டும். தயிர், சட்னி, ஊறுகாய், நெய் எல்லாம் இந்தக் கணக்கில் சிக்கிப் பாதுகாப்புச் சோதனையில் குப்பைக்குப் போகும். நம் பக்கத்து மாங்காய் ஊறுகாயைப் பெரிய பெட்டியில் நன்றாகக் கட்டிப் போடுங்கள். கையில் சப்பாத்தி, தட்டை, கேழ்வரகு முறுக்கு, எள்ளுருண்டை போன்ற உலர்ந்த தின்பண்டங்களைக் கொண்டு போகலாம். நள்ளிரவில் பசிக்கும்போது விமான நிலைய விலையில் ஒரு பன்னும் காப்பியும் வாங்குவதற்கு அவை எவ்வளவோ மேல். காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துப்போய், சோதனை முடிந்த பிறகு உள்ளே இருக்கும் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். இறங்கப்போகும் நாட்டில் உணவுப் பொருளுக்குக் கட்டுப்பாடு இருந்தால், மிச்சத்தை விமானத்துக்குள்ளேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போக வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது. பொதுவாக அனுமதிக்கப்படும் அளவு 100 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ 27,000 எம்.ஏ.எச். வரை, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 10,000 அல்லது 20,000 அளவு போதுமானது. அமீரகம், கத்தார், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் மூன்று தட்டைப் பின்கள் கொண்ட பிரிட்டிஷ் முறைப் பிளக்தான் வழக்கம். நம் உருண்டைப் பின்னுக்கு ஓர் அடாப்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ஐம்பது நூறு டாலர் ரொக்கமாக வைத்திருங்கள். வங்கி அட்டையை நம்பிப் போவதாக இருந்தால், ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து கொடுக்கப்படுகின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியிலோ கிளையிலோ நீங்களே கேட்டுத் திறக்க வேண்டும். இதை ஊரில் இருக்கும்போதே செய்யாவிட்டால், அங்கே ஓ.டி.பி. வராத தொலைபேசியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஊரிலிருந்து தேவனஹள்ளி வரை

சேலத்தை அடுத்த காமலாபுரத்தில் விமான நிலையம் இருந்தாலும் வெளிநாட்டு விமானங்கள் அங்கிருந்து இல்லை. நமக்குப் பெங்களூருதான் வாசல். தருமபுரியிலிருந்து பெங்களூரு நகரம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர். விமான நிலையமோ நகரத்தின் மறுபக்கம், வடக்கே தேவனஹள்ளியில், இன்னும் 35 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, அதற்குப் பின் ஹெப்பால் என்று மாலை நேரத்தில் மாட்டிக்கொண்டால் நகரத்தைக் கடக்கவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பேருந்தில் போகிறவர்கள் நகரத்துக்குள் இறங்கி "வாயு வஜ்ரா" என்ற விமான நிலையப் பேருந்தில் மாறலாம். வாடகைக் கார் எடுப்பவர்கள் அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபுரம், ஒசக்கோட்டை வழியாக நகரத்தைத் தொடாமல் போக முடியுமா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள்.

விடியற்காலை விமானத்துக்காக முந்தின இரவே போய்ச் சேர்ந்து காத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். அவர்களுக்கு ஒரு செய்தி: நம் நாட்டு விமான நிலையங்களில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்டினால்தான் வாசலில் நிற்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் உள்ளே விடுவார்கள்; புறப்பாட்டுக்கு வெகுநேரம் முன்பே போனால் கொஞ்சம் பொறுத்து வரச் சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னால் வாதாட வேண்டாம். முனையத்துக்கு வெளியே உணவகங்களும் அமர இடமும் இருக்கின்றன. கார்த்திகை முதல் மாசி வரை தேவனஹள்ளிப் பக்கம் அதிகாலை மூடுபனி இறங்கி விமானங்கள் தாமதமாவது வழக்கம் என்பதால், அந்த மாதங்களில் அடுத்த விமானத்துக்கு நடுவே நிறைய இடைவெளி இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். பத்து மணி நேர இரவுக் காத்திருப்பு அலுப்பாகத் தெரிந்தாலும், ஒன்றேகால் மணி நேர இடைவெளியைவிட அது பாதுகாப்பானது.

கவுன்ட்டரில் கேட்க வேண்டியவை

பெட்டியை ஒப்படைக்கும்போது அங்கிருக்கும் ஊழியரிடம் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். பெட்டி எந்த ஊர் வரை போகிறது என்பது முதல் கேள்வி. பெட்டியில் ஒட்டும் சீட்டில் மூன்றெழுத்துக் குறியீடு பெரிதாக இருக்கும், பெங்களூருக்கு பி.எல்.ஆர்., துபாய்க்கு டி.எக்ஸ்.பி., சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என். என்பதுபோல, அது உங்கள் கடைசி ஊரின் குறியீடுதானா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது விமானத்தில் ஏறுவதற்கான போர்டிங் பாஸ் சீட்டும் இங்கேயே கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கிடைக்காவிட்டால், இறங்கிய பிறகு எந்தக் கவுன்ட்டரில் வாங்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் நிற்கும்போது, நம் ஊர்ப் பேச்சில் பழகியபடி யாராவது வந்து, தம் பெட்டியில் எடை கூடிவிட்டது, இந்த ஒரு பொட்டலத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், அவர் எவ்வளவு நெருக்கமாகப் பேசினாலும் மறுத்துவிடுங்கள். உங்கள் பையில் இருப்பது எதுவானாலும் சட்டத்தின் முன் அது உங்களுடையது.

இறங்கியவுடன்

நடுவழி விமான நிலையத்தில் இறங்கியதும் கூட்டம் ஒரு பக்கமாக நடக்கும். கூட்டத்தின் பின்னால் போகாதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த ஊருக்கே வந்தவர்கள், இமிகிரேஷனை நோக்கிப் போகிறவர்கள். "டிரான்ஸ்ஃபர்" அல்லது "கனெக்‌ஷன்" என்று அம்புக்குறியோடு இருக்கும் பலகையைத் தேடிப் பின்தொடருங்கள். சிங்கப்பூர் சாங்கியிலும் கொழும்பு கட்டுநாயக்கவிலும் பல பலகைகளில் தமிழும் இருப்பதால் முதன்முறை போகிறவர்களுக்கு அவ்விடங்கள் சற்று எளிது. வழியில் மறுபடியும் ஒரு பாதுகாப்புச் சோதனை இருக்கலாம். விமானத்தில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை அதற்கு முன் குடித்து முடித்துவிடுங்கள்.

உட்கார இடம் தேடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அடுத்த விமானத்தில் ஏறும் வாசலான கேட் எங்கே என்று, புறப்பாட்டு விவரங்கள் காட்டும் போர்டில் பார்த்து, அதுவரை ஒருமுறை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய நிலையங்களில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க இருபது முப்பது நிமிடங்கள் ஆகும், நடுவே உள்ரயிலும் இருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் அந்த வழியை முதன்முறையாகத் தேடுவது போன்ற பதற்றம் வேறில்லை. கேட் எண் இன்னும் போர்டில் வராவிட்டால், நடுப்பகுதியில் போர்டு கண்ணுக்குத் தெரியும் இடமாகப் பார்த்து அமருங்கள். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலிலேயே நடப்பதால், புறப்பாட்டுக்குச் சற்று முன்புதான் உள்ளே விடுவார்கள். அங்கே கேட்டுக்குள் போய்ப் படுக்கலாம் என்று திட்டமிட முடியாது.

வீட்டுக்குச் செய்தி அனுப்புவதும் இந்த நேரத்தில்தான். விமான நிலைய வைஃபை பெரும்பாலும் இலவசம். ஆனால் துபாயிலும் அபுதாபியிலும் வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும், அழைப்பு இணையாது. அந்த நாட்டின் கட்டுப்பாடு அது. இதை முன்பே வீட்டில் சொல்லி வைக்காவிட்டால், போன் எடுக்கவில்லையே என்று இரவெல்லாம் விழித்திருப்பார்கள்.

தூங்குவது

விமானத்தைத் தவறவிடுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது தூக்கம்தான். சென்னை, டெல்லி, மும்பை, துபாய் போன்ற பல நிலையங்களில் இப்போது ஒவ்வொரு விமானத்துக்கும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதில்லை. எல்லாம் போர்டில் மட்டுமே வரும். நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நடத்துநர் கூவிக் கூப்பிடுவதுபோல் யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள்.

ஆகவே அலாரம். இதில் நான் ஒருமுறை பட்ட பாட்டைச் சொல்கிறேன். கிழக்கே ஒரு நாட்டில் இறங்கி, போனை ஏரோப்ளேன் மோடிலேயே விட்டுவிட்டு, காலை 4 மணிக்கு அலாரம் வைத்துத் தூங்கினேன். போன் வெளியுலகோடு இணையாததால் அதில் ஓடிக்கொண்டிருந்தது நம் நாட்டு நேரம். அலாரம் சரியாக 4 மணிக்குத்தான் அடித்தது. ஆனால் அந்த ஊரில் அப்போது 6:30. என் விமானம் 6:50-க்கு. கேட் அருகிலேயே படுத்திருந்ததால் கதவு மூடும் தறுவாயில் ஓடிப்போய் ஏறினேன். மேற்கே போகும்போது இந்தத் தவறு நேர்ந்தால் சீக்கிரமாக எழுந்துவிடுவோம், தூக்கம் மட்டுமே கெடும். கிழக்கே போகும்போதோ விமானமே போய்விடும். இறங்கியவுடன் வைஃபையில் இணைத்து, போன் காட்டும் நேரமும் சுவர்க் கடிகாரமும் ஒன்றா என்று பார்த்த பிறகே அலாரம் வையுங்கள். இரண்டு அலாரம் வையுங்கள்: புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பு இன்னொன்று. போர்டிங் பாஸில் பெரிய எழுத்தில் இருப்பது ஏறத் தொடங்கும் நேரமா, புறப்படும் நேரமா என்று பிரித்தறியுங்கள். கேட்டைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 15 அல்லது 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள்.

இடம் தேடும்போது, கைப்பிடி இல்லாத நீள் இருக்கைகள் பெரும்பாலும் கேட்டுகளின் கோடிப் பகுதியிலும் மேல்தளத்திலும் இருக்கும். தோஹாவிலும் சாங்கியிலும் சாய்ந்து படுக்கும் இருக்கைகளோடு ஓய்வுப் பகுதிகள் தனியாக உண்டு. நள்ளிரவுக்குள் நிரம்பிவிடும் என்பதால் இறங்கியதும் நேரே அங்கே போங்கள். கம்பளம் விரித்த தரை இருந்தால் சுவரோரமாகத் துண்டை விரித்துப் படுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லா நாட்டவரும் அப்படித்தான் படுத்திருப்பார்கள். ஏசிக் காற்று நேராக விழும் இடத்தையும், கழிவறை வாசலையும், நடைபாதை நடுவையும் தவிர்த்துவிடுங்கள். தொழுகை அறையில் தூங்கக் கூடாது. பாஸ்போர்ட்டும் பணமும் இடுப்புப் பையில் சட்டைக்கு உள்ளே இருக்கட்டும். கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அதன் வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். போனைச் சார்ஜரில் போட்டுவிட்டு எட்ட விட்டுத் தூங்காதீர்கள், பவர் பேங்கிலிருந்து ஏற்றுங்கள்.

முழுத் தூக்கம் வேண்டுமென்று நினைப்பவர்களுக்கு, துபாய், தோஹா, சாங்கி போன்ற நிலையங்களில் இமிகிரேஷனைத் தாண்டாமலே உள்ளே டிரான்சிட் ஹோட்டல்கள் உண்டு, சிலவற்றில் மணிக்கணக்கிலும் அறை கிடைக்கும். விலை அதிகம்தான். ஆனால் கைக்குழந்தையோடு போகிறவர்களும் முதுகுவலி உள்ளவர்களும் இந்தச் செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சில விமான நிறுவனங்கள், ஒரே டிக்கெட்டில் நீண்ட இரவுக் காத்திருப்பு இருந்தால் இலவசமாக ஹோட்டல் தருகின்றன. அதை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை. வங்கி அட்டைக்குக் கிடைக்கும் லவுஞ்ச் என்ற ஓய்வறையில் இரண்டு மூன்று மணி நேரம்தான் அனுமதி என்பதால், அதை இரவின் தொடக்கத்தில் வீணாக்காமல் விடியற்காலையில் முகம் கழுவி, சூடாகச் சாப்பிடப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

நீண்ட நேரம் உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கும், காலில் இரத்தம் உறையவும் வாய்ப்புண்டு. மணிக்கு ஒருமுறை எழுந்து சிறிது தூரம் நடங்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள்.

பெரியவர்களும் தனியாகச் செல்லும் பெண்களும்

அறுபதைத் தாண்டியவர்கள், நன்றாக நடக்கக்கூடியவர்களாக இருந்தாலும், முதன்முறை தனியே போகும்போது வீல்சேர் உதவி கேட்டுக்கொள்வது நல்லது. டிக்கெட் எடுக்கும்போதே, தவறினால் குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது, அதைப் பதிவு செய்ய வேண்டும். இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை, கேட் எல்லாவற்றையும் கடத்திக் கூட்டிச் செல்வார்கள். என் அம்மா இதற்கு முதலில் சம்மதிக்கவே இல்லை. நடக்க முடிகிறவள் ஏன் வண்டியில் உட்கார வேண்டும் என்று கேட்டார். மொழி தெரியாத இடத்தில் வழி காட்டுவதற்கு ஓர் ஆள் கூட வருவார் என்று விளக்கிய பிறகே ஒப்புக்கொண்டார். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இடையில் நீண்ட நேரம் இருந்தால் உதவியாளர் அவர்களை ஓரிடத்தில் அமர்த்திவிட்டுப் போய்விடுவார். திரும்பி வர வேண்டிய நேரத்தை அவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். அந்த நேரம் தாண்டினால் பக்கத்துக் கவுன்ட்டரில் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். பெயர், இரண்டு விமானங்களின் எண், சேரும் ஊர், அங்கே அழைத்துப்போக வருபவரின் தொலைபேசி எண், உடல்நலக் குறிப்பு ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளும், அதே விவரங்களைத் தமிழில் எழுதிய இன்னொரு தாளும் கையில் இருக்கட்டும். முதல் தாள் மற்றவர்களுக்குக் காட்ட. இரண்டாவது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களே தெரிந்துகொள்ள.

தனியாகச் செல்லும் பெண்கள் வெளிச்சமான இடத்தில், குடும்பத்தோடு இருப்பவர்களின் அருகிலோ, இரவு முழுதும் ஊழியர் இருக்கும் கவுன்ட்டருக்கு எதிரிலோ அமருங்கள். கழிவறைக்குப் போகும்போது பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைக்காமல் கையோடு கொண்டுபோய்விடுங்கள். ஆளில்லாத பையைப் பாதுகாப்புப் பிரிவினர் எடுத்துப் போய்விடுவார்கள் என்பதும் இதற்குக் காரணம்.

தாமதமானால், தவறிப்போனால்

இந்தியாவிலிருந்து புறப்படும் விமானத்தைப் பொறுத்தவரை, இரவு 8 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் தங்கல் தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி சொல்கிறது. கவுன்ட்டரில் அமைதியாக, ஆனால் உறுதியாக, இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். நாற்காலியிலேயே இரவைக் கழித்துவிடுங்கள் என்று ஒரு முறை எங்களிடம் சொன்னார்கள். உடன் வந்த ஒருவர் விதியை எடுத்துச் சொன்ன பிறகு அரை மணி நேரத்தில் வண்டி வந்தது.

வெளிநாட்டில் இரண்டாவது விமானம் தவறிவிட்டால், அழுதுகொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் உடனே அந்த நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபர் கவுன்ட்டருக்குப் போய் வரிசையில் நில்லுங்கள், அடுத்த விமானத்தில் இருக்கும் இடங்கள் வேகமாக நிரம்பும். நின்றபடியே சேரும் ஊரில் காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்புங்கள். வேலைக்குப் போகிறவர்கள் கம்பெனியின் ஆளுக்கும் சொல்லிவிடுங்கள்.

எழுந்த பிறகு

முதல் அலாரத்தில் எழுந்தவுடன் போர்டைப் பாருங்கள். இரவில் பார்த்த கேட் எண் மாறியிருக்கலாம். அதன் பிறகு கழிவறை, பல் துலக்கல், மாற்றுச் சட்டை. போர்வையை மடித்துப் பைக்குள் வைத்து, பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், போன், பணம் என்று நான்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கேட் இருக்கும் திசையில் நடக்கத் தொடங்குங்கள். அம்மாவின் நோட்டில் கடைசி வரியாக நான் எழுதியிருந்தது இது: "எழுந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பாரும்மா, சார்ஜர் சுவரிலேயே இருக்கும்."